மருந்துக்கு மருந்து பகையானால்...

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1990ஆம் ஆண்டு ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு வெளியாயிற்று. பெதஸ்டா என்னும் ஊரிலுள்ள கடற்படை மருத்துவமனைக்கு வந்த அந்தப் பெண்மணிக்கு வயது 39. இரண்டு நாள்களாக விட்டு விட்டு மயக்கம் வந்துகொண்டிருந்தது. அவருடைய இதயமின் வரைபடத்தைப் பார்த்த மருத்துவர்கள் திடுக்கிட்டார்கள்.

இதயமின் வரைபடத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். கட்டம் போட்ட தாளில் மேடும் பள்ளமுமாக ஓடும் கோடு அது. தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதால், ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு கட்டம் 0.04 விநாடியைக் குறிக்கும். ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத் தசைச் செல்களின் மின்னழுத்தம் மாறுகிறது. பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பினால்தான் அடுத்த துடிப்புக்குத் தசை ஆயத்தமாகும். மாற்றம் தொடங்கியதிலிருந்து பழைய நிலை திரும்பும் வரையுள்ள காலத்தை க்யூ-டி இடைவெளி என்பார்கள். சாதாரணமாக இது ஏறத்தாழ 10 சிறு கட்டங்கள், அதாவது 0.4 விநாடி. அந்தப் பெண்மணிக்கு இது மிகவும் நீண்டிருந்தது. அவ்வாறு நீளும்போது துடிப்பின் ஒழுங்கு குலைந்து, வரைபடக் கோடு கயிறு முறுக்கினாற்போல் முறுக்கிக் கொள்ளும். அது நீடித்தால் உயிர் போய்விடும்.

காரணம் இதயத்தில் இல்லை. அவர் உட்கொண்டவற்றுள் இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று, ஒவ்வாமைக்குத் தரப்படும் டெர்ஃபெனடின். தும்மலை நிறுத்தும், ஆனால் தூக்கம் வரவழைக்காது என்பதால் அந்நாளில் பெரும் புகழோடு விற்பனையான மாத்திரை அது. மற்றொன்று, பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் கீட்டோகோனசோல். இரண்டும் பல்லாயிரம் பேர் தனித்தனியே சாப்பிட்டு நலமடைந்த மருந்துகள். சேர்ந்தபோது மட்டும் ஏன் இந்த விபரீதம்?

நாம் விழுங்கும் மருந்தை உடல் விருந்தாளியாகக் கருதுவதில்லை. அழையாமல் நுழைந்த அந்நியப் பொருளாகவே கருதி, அதை மாற்றி வெளியேற்றப் பார்க்கிறது. இந்த வேலையைக் கல்லீரலிலும் குடற்சுவரிலும் உள்ள சில நொதிகள் செய்கின்றன. இவற்றுள் முதன்மையானது சைட்டோகுரோம் பி450 என்ற குடும்பம். பெயரில் உள்ள 450 என்ற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? கார்பன் மோனாக்சைடுடன் இணைந்த நிலையில் இந்த நொதி 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உட்கவர்கிறது. நிறமாலையில் தெரிந்த ஓர் அடையாளமே பெயராகிவிட்டது! இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் ஒரு சிறு பெருமை.

இக்குடும்பத்தில் 3ஏ4 என்ற எண் பெற்ற உறுப்பினர்தான் டெர்ஃபெனடினைக் கவனித்துக் கொள்பவர். விழுங்கிய மருந்து உடலெங்கும் பரவுமுன், குடற்சுவரையும் கல்லீரலையும் கடக்கும் முதல் பயணத்திலேயே, இந்த நொதி அதை ஏறக்குறைய முழுவதும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். அந்த வேறொரு பொருள்தான் தும்மலை நிறுத்துகிறது. இதயத்துக்கு அது தீங்கு செய்வதில்லை. மாறாத டெர்ஃபெனடினோ, இதயத் தசைச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் வாயிலை அடைத்துவிடும். மின்னழுத்தம் பழைய நிலைக்குத் திரும்ப அந்த அயனிகள் வெளியேறியாக வேண்டும். சாதாரண நாள்களில் மாறாத மருந்து இரத்தத்தில் அநேகமாக இருப்பதே இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை. ஆனால் கீட்டோகோனசோல் அந்த 3ஏ4 நொதியையே செயலிழக்கச் செய்வது. காவற்காரனை ஒருவன் கட்டிப் போட, மற்றவன் உள்ளே நுழைந்துவிட்டான்.

இப்படி ஒரு மருந்து மற்றொன்றின் செயலை மாற்றுவதை மருந்து இடைவினை என்கிறோம். இதை எண்களில் காண்பது கடினமன்று. பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் பெருக்குத் தொடரே போதும்.

ஒரு நோயாளி தினமும் 100 மில்லிகிராம் மருந்து உட்கொள்கிறார் என்று வைத்துக் கொள்வோம். உடலில் உள்ளதில் பாதியை நொதிகள் ஒவ்வொரு நாளும் வெளியேற்றுகின்றன. முதல் நாள் மாத்திரை போட்டதும் உடலில் 100. மறுநாள் எஞ்சிய 50, புதிய 100, ஆக 150. மூன்றாம் நாள் 175, பிறகு 187.5. இப்படியே கூடிக்கொண்டு போய் 200ஐ நெருங்கி நின்றுவிடும். மருத்துவர் இதைக் கருதித்தான் அளவை வகுத்திருக்கிறார். இப்போது வேறொரு மருந்து வந்து நொதியை முடக்குகிறது. நாளொன்றுக்குப் பாதிக்குப் பதில் கால் பங்குதான் வெளியேறுகிறது. மாத்திரை அதே 100தான். ஆனால் உடலில் நிற்கும் அளவு? போட்டுப் பாருங்கள்: 400! பத்தில் ஒரு பங்கு மட்டுமே வெளியேறினால் 1,000. சீட்டில் எழுதிய அளவை எவரும் மாற்றவில்லை. ஆயினும் நோயாளி ஐந்து மடங்கு மருந்து சாப்பிட்டவர் போலாகிவிட்டார்.

மருந்துதான் இப்படிச் செய்ய வேண்டும் என்பதில்லை. கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தை மதுவுடன் சேர்த்துச் சோதித்தார். மதுவின் சுவை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் பழச்சாற்றில் கலந்து கொடுத்தார். திராட்சைக்கும் இதற்கும் உறவில்லை. நம் பம்பளிமாசும் சாத்துக்குடி வகை ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம் இது. இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு உயர்ந்தது. குற்றவாளி மது அல்ல, சாறுதான் என்று பின்னர் தெளிவாயிற்று. 1991இல் வெளியான ஆய்வில், தண்ணீருடன் சாப்பிட்டதைவிடச் சாற்றுடன் சாப்பிட்டபோது ஏறத்தாழ மூன்று மடங்கு மருந்து இரத்தத்தைச் சேர்ந்தது. பழத்திலுள்ள சில பொருள்கள் குடற்சுவரிலுள்ள அதே 3ஏ4 நொதியை அழித்துவிடுகின்றன. பம்பளிமாசிலும் அப்பொருள்கள் உண்டு.

எதிர்த்திசையிலும் இடைவினை நடக்கும். நம் நாட்டில் காசநோய்க்கு அன்றாடம் வழங்கப்படும் ரிஃபாம்பிசின் நொதியை முடக்குவதில்லை. கல்லீரலை முடுக்கிவிட்டு, கூடுதல் நொதிகளை உற்பத்தி செய்ய வைக்கிறது. மற்ற மருந்துகள் வந்த வேகத்தில் வெளியேறிவிடுகின்றன. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை எடுத்துக் கொள்வோம். மட்கிய தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்த மர்மத்தை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆராயப் போய்க் கிடைத்த பொருள் இது; முதலில் 1948இல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. இன்று செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களின் உயிர்காப்பு. அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும். கூடினால் உடலுக்குள் இரத்தம் கசியும். கத்தி மேல் நடப்பது போன்ற மருந்து.

வார்ஃபரின் சாப்பிடும் ஒருவருக்குக் காசநோயும் வந்து, ரிஃபாம்பிசின் தொடங்குகிறார்கள். ஒன்றிரண்டு வாரங்களில் வார்ஃபரின் பலனிழக்கிறது. இரத்தத்தைச் சோதிக்கும் மருத்துவர் அளவை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று உயர்த்துகிறார். எல்லாம் சரியாகிவிடுகிறது. காசநோய் குணமாகி, ரிஃபாம்பிசினை நிறுத்துகிறார்கள். ஆபத்து இப்போதுதான் வருகிறது! முடுக்கிவிட்டவர் போய்விட்டார், கல்லீரல் இரண்டு மூன்று வாரங்களில் பழைய வேகத்துக்குத் திரும்புகிறது, வார்ஃபரினோ உயர்த்திய அளவிலேயே தொடர்கிறது. புதிய மருந்து எதையும் சேர்க்காமலே, ஒன்றை நிறுத்தியதால் மட்டும் இரத்தக் கசிவு ஏற்படலாம். காசநோய் மருத்துவர் ஒருவர், இதய மருத்துவர் ஒருவர், இருவருக்கும் இடையே பேச்சில்லை என்றால் இதை யார் கவனிப்பது?

மருத்துவர் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக் கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். என் வகுப்பில் நான் கேட்கும் கேள்வியையே இங்கும் கேட்கிறேன். 10 பேர் ஒருவரோடொருவர் கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்கள்? 45. மருந்துகளும் அப்படித்தான். 5 மருந்துகள் சாப்பிடும் முதியவரின் உடலில் 10 ஜோடிகள்; 8 மருந்துகள் என்றால் 28. மருந்துக் கடையில் 1,000 விதமான மருந்துகள் இருப்பதாகக் கொண்டால் 4,99,500 ஜோடிகள். மும்மூன்றாகச் சேர்த்தால் 16 கோடிக்கு மேல். இவற்றுள் பெரும்பாலானவை ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போய்விடும் என்பது உண்மையே. ஆனால் எந்த ஜோடி கண்டுகொள்ளும் என்பதுதானே கேள்வி?

1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி ஸையன் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் மனச்சோர்வுக்காக ஃபெனல்சின் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். இரவில் உடல் உதறலை அடக்க பெத்திடின் ஊசி போடப்பட்டது. காலைக்குள் காய்ச்சல் கட்டுக்கடங்காமல் ஏறி, இறந்து போனார். மரணத்தின் முழுக் காரணம் பற்றி நீதிமன்றத்தில் நெடுநாள் வாதம் நடந்தது. ஆனால் இவ்விரு வகை மருந்துகளும் சேரக் கூடாது என்பது அப்போதே நூல்களில் அச்சாகியிருந்தது. நூலில் இருந்தது, நள்ளிரவில் பல நோயாளிகளைக் கவனித்துக் கொண்டிருந்த இளம் மருத்துவரின் கண்முன் இல்லை. இந்த மரணத்தின் விளைவாக 1989இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 80 மணி என்று வரையறுத்தது. அதற்கு முன் எவ்வளவு நேரம் உழைத்திருப்பார்கள் என்று ஊகித்துக் கொள்ளுங்கள்.

சோர்வு மட்டும்தான் காரணமா? இண்டியானாபொலிஸ் நகரில் கிளெமென்ட் மக்டொனால்டு என்ற மருத்துவர் இதைச் சோதனை செய்தே பார்த்தார். ஒன்பது மருத்துவர்கள். நோயாளியின் பதிவுகளைக் கணிப்பொறி முன்கூட்டியே அலசி, 'இதைக் கவனிக்கவும்' என்று அச்சிட்ட தாளைச் சில சமயம் தரும், சில சமயம் தராது. 1976இல் வெளியான முடிவு இது: நினைவூட்டல் இருந்தபோது கவனிக்க வேண்டியவற்றுள் 51 விழுக்காட்டுக்கு மருத்துவர்கள் செயல்பட்டார்கள், இல்லாதபோது 22 விழுக்காடே. அதே மருத்துவர்கள், அதே அறிவு! தாளை நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்பினார்கள். குறை அறிவில் இல்லை, ஏராளமான செய்திகளை ஒரே சமயத்தில் கையாள வேண்டிய மனித மூளையின் எல்லையில் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. 'மருத்துவர்களுக்கு இன்னும் பாடம் நடத்துங்கள்' என்று எவரும் எளிதாகச் சொல்லிவிடலாம். அது போதாது என்று எண்களால் காட்டினார்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மருந்து இடைவினைகளுக்கென்றே ஒரு கணிப்பொறி அமைப்பு இயங்கத் தொடங்கியது. அதை உருவாக்கியவர் ஸ்டான்லி கோஹன். ஆம், 1973இல் ஹெர்பர்ட் பாயருடன் சேர்ந்து மரபணுவை ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்கு மாற்றிக் காட்டிய அதே கோஹன்தான். புதிய மருந்து ஒன்று நோயாளிக்குக் குறிக்கப்பட்டதும், அவர் ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளோடு கணிப்பொறி அதை ஒப்பிட்டு, பகையிருந்தால் எச்சரிக்கும். தத்துவம் எளிது: ஒரு பெரிய அட்டவணை, ஒரு தேடல். களைப்பு தெரியாத நினைவாற்றல்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். பின்னாளில் உலகின் பல மருத்துவமனைகளில் மருந்துச் சீட்டைக் கணிப்பொறியிலேயே எழுதும் முறை வந்தது. அட்டவணை தயாரித்தவர்கள், எதையும் விட்டுவிட்டால் பழி வருமே என்று சிறு சந்தேகமுள்ள ஜோடிகளையும் சேர்த்துக் கொண்டே போனார்கள். திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. 'புலி வருது, புலி வருது' என்று கத்திய இடையனின் கதை தெரியும் அல்லவா? 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை மருத்துவர்கள் தள்ளிவிட்டு மேலே போனார்கள். பல சமயம் அப்படித் தள்ளியது சரியாகவும் இருந்தது என்பதே இதிலுள்ள சங்கடம்.

வானொலிப் பெட்டியில் தொலைதூர நிலையம் ஒன்றைப் பிடிக்க முயன்றவர்களுக்கு இது புரியும். ஒலியைக் கூட்டினால் பாட்டும் கூடும், இரைச்சலும் கூடும். வேண்டியது பாட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். எச்சரிக்கையின் எண்ணிக்கையைக் கூட்டிக் கொண்டே போவது ஒலியைக் கூட்டுவது போன்றதே.

எனவே சில மருத்துவமனைகள் எச்சரிக்கைகளைத் தரம் பிரித்தன. உயிருக்கு உலை வைப்பவை முதல் தரம். மருத்துவர் மருந்தை மாற்றாமல் மேலே செல்ல இயலாது. இரண்டாம் தரத்தில் மருத்துவர் காரணம் எழுதிவிட்டுத் தொடரலாம். மூன்றாம் தரம் திரையின் ஓரத்தில் சும்மா தெரியும், வேலையைத் தடுக்காது. தரம் பிரித்த மருத்துவமனை ஒன்றையும் பிரிக்காத மருத்துவமனை ஒன்றையும் ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2009இல் வந்தது. மிகக் கடுமையான எச்சரிக்கைகள் முதல் மருத்துவமனையில் 100 விழுக்காடு ஏற்கப்பட்டன, மற்றதில் 34. இதில் வியப்பதற்கு அதிகமில்லை. கதவைப் பூட்டிவிட்டால் எவரும் நுழையார். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த எண்தான். பூட்டாத நடுத்தர எச்சரிக்கைகளில் 29 விழுக்காடு ஏற்கப்பட்டன. மற்ற மருத்துவமனையில் 10தான். இரைச்சல் குறைந்ததும் பாட்டு காதில் விழுந்திருக்கிறது.

அப்படியானால் எல்லா ஆபத்தான ஜோடிகளுக்கும் பூட்டுப் போட்டுவிடலாமே? பிலடெல்பியா நகரில் அதையும் முயன்று பார்த்தார்கள். வார்ஃபரினையும், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற கூட்டு நுண்ணுயிர்க்கொல்லியையும் சேர்த்து எழுத முடியாதபடி கணிப்பொறியில் அநேகமாக முழுத் தடை அமைத்தார்கள். தடை நன்றாகவே வேலை செய்தது. மருத்துவர்கள் 57 விழுக்காடு சமயங்களில் அந்த ஜோடியைக் கைவிட்டார்கள். வழக்கம்போல மருந்தாளுநர் தலையிட்டுச் சொன்ன பிரிவில் இது 14 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆயினும் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மருந்து உடனடியாகத் தேவைப்பட்ட நான்கு நோயாளிகளுக்கு, தடையின் காரணமாகவே சிகிச்சை தாமதமாயிற்று. 2010இல் இதன் முடிவு வெளியானது. பகை மருந்தேயானாலும், அதைவிடப் பெரிய பகையை எதிர்க்க அதுவே தேவைப்படும் வேளைகள் உண்டு. அதை எடைபோடும் வேலை அட்டவணைக்குத் தெரியாது.

டெர்ஃபெனடின் விஷயத்தில் வேறு வழி கிடைத்தது. 1992இல் மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடச் செய்தார்கள். மருத்துவர்களுக்குத் தகவல் போயிற்று. ஆபத்தான ஜோடியாக எழுதுவது பெருமளவு குறைந்தது. ஆனால் அடியோடு நிற்கவில்லை. அதற்குள் வேதியியலாளர்கள், நம் உடலே டெர்ஃபெனடினிலிருந்து செய்து கொள்ளும் அந்த வேறொரு பொருளை நேரடியாக மாத்திரையாக்கிவிட்டார்கள். அதுதான் இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஃபெக்சோஃபெனடின். 3ஏ4 நொதியை நம்பியிராதது. இதயத்தின் பொட்டாசியம் வாயிலை அடைக்காதது. 1998இல் டெர்ஃபெனடின் அமெரிக்கச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. வார்ஃபரினுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் இப்படி எளிதாக விடை கொடுத்துவிட இயலாது.

நம் ஊரில் வேறொரு தொல்லையும் உண்டு. கணிப்பொறிக்குத் தெரிந்தது அதனிடம் சொன்னது மட்டுமே. மூட்டுவலிக்கு ஒரு மருத்துவர், சர்க்கரைக்கு ஒரு மருத்துவர், தலைவலித்தால் தெருமுனை மருந்துக் கடை என்று போகும் தாத்தாவின் முழுப் பட்டியல் எந்தக் கணிப்பொறியிலும் இல்லை. பெயர்களும் குழப்பும். குரோசின், கால்பால், டோலோ மூன்றும் பாரசிட்டமால்தான். மூன்று சீட்டில் மூன்று பெயராக இருந்தால் ஒரே மருந்து மும்முறை உள்ளே போகும். மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது இதற்கும் உதவக்கூடும்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்து பாருங்கள். வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் அன்றாடம் உட்கொள்ளும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அட்டையின் மேல் வணிகப் பெயரும் பொதுப் பெயரும் இருக்கும். பொதுப் பெயரை எழுதுங்கள். சூரணம், கஷாயம், கடையில் தானாக வாங்கிய மாத்திரை எதையும் விடாதீர்கள். அண்மையில் நிறுத்திய மருந்து இருந்தால் அதையும், நிறுத்திய தேதியையும் குறியுங்கள். எத்தனை ஜோடிகள் என்று கணக்கிட்டு அடியில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கையில் கொடுத்தனுப்புங்கள். சந்தேகம் வந்தது என்று நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்திவிட வேண்டாம். நிறுத்துவதும் ஓர் இடைவினையே என்பதைத்தான் ரிஃபாம்பிசினிடம் பார்த்தோமே.